எழுபது ஆண்டு மறந்துபோன முதுகுத் தசை

இத்தாலியின் பாவியா நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த இஜினியோ தன்சினி 1906-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தபின் நெஞ்சில் திறந்து கிடக்கும் அகலமான புண்ணை மூடுவதற்கு அவர் கண்டறிந்த வழி அதில் இருந்தது. முதுகில் அக்குளுக்குப் பின்னாலிருந்து இடுப்புவரை பரந்து கிடக்கும் தசைக்கு லாட்டிசிமஸ் டார்சி என்று பெயர். அதில் ஒரு பகுதியை மேலிருக்கும் தோலோடு சேர்த்துப் பெயர்த்து, அக்குள் பக்கத்தை மட்டும் அறுக்காமல் விட்டு, முன்பக்கமாகச் சுழற்றிக் கொண்டுவந்து தைத்தார் தன்சினி. அந்தத் தசைக்கு ரத்தக்குழாய் வருவது அக்குள் வழியாக. குழாய் அறுபடவில்லை என்பதால் இடம்மாறிய தோல் சாகவில்லை.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஐரோப்பாவில் பலரும் இதைச் செய்தார்கள். 1920-களுக்குப் பிறகு பேச்சையே காணோம். 1976-இல் ஜெர்மனியில் நெவென் ஒலிவாரி என்ற சர்ஜன், கதிர்வீச்சில் புண்ணாகிப்போன நெஞ்சுச் சுவரை மூடுவதற்கு அதே தசையை அதே வழியில் கொண்டுவந்தார். புதிய முறை என்றே அது பேசப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்காவில் அதைக்கொண்டு மார்பகமே செய்யத் தொடங்கிவிட்டார்கள். பிறகு பழைய இதழ்களைப் புரட்டியவர்கள்தான் தன்சினியைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

மார்பக மறுசீரமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு சுவாரசியத் துணுக்காகச் சொல்லிவிட்டு நேரே சிலிக்கோனுக்குத் தாவிவிடுவது வழக்கம். எனக்கு இது துணுக்காகத் தெரியவில்லை. உடம்பின் ஓரிடத்துச் சதையை உயிரோடு இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் வழி 1906-லேயே அச்சில் இருந்தது. அதன்பின் எழுபது ஆண்டுகள், மார்பை இழந்த பெண்கள் பஞ்சு திணித்த உள்ளாடையோடு வீட்டுக்குப் போனார்கள். ஏன் என்று தேடிப் போனால் ஒரு மனிதரிடமும் அவர் நம்பிய ஒரு கொள்கையிடமும் போய் நிற்போம்.

வில்லியம் ஹால்ஸ்டெட், அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமை சர்ஜன். 1894-இல் தான் அறுவை செய்த ஐம்பது பெண்களின் விவரத்தை வெளியிட்டார். அதுவரை ஐரோப்பாவின் பெயர்பெற்ற சர்ஜன்களிடம் அறுத்துக்கொண்டவர்களிலேயே பாதிப் பேருக்கும் மேல் அதே இடத்தில் நோய் திரும்ப முளைத்தது. ஹால்ஸ்டெட்டின் கணக்கில் அது நூற்றுக்கு ஆறு. மார்பகம், மேலேயுள்ள தோல், அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவதுதான் அவருடைய முறை. புற்று ஒரு புள்ளியில் தொடங்கி நிணநீர்ப் பாதைகள் வழியாகப் படிப்படியாக வெளியே ஊர்ந்து போகிறது, அது போய்ச் சேர்வதற்குள் இன்னும் அகலமாக வெட்டிவிட்டால் தீர்ந்தது என்பது கொள்கை.

பிழைத்து எழுந்த பெண்ணின் நெஞ்சில் மெல்லிய தோலுக்கு அடியில் விலா எலும்புகள் எண்ணத்தக்கபடி தெரிந்தன. அக்குள் குழிந்துபோனது. கணுக்கள் போய்விட்டதால் நிணநீர் வடிய வழியில்லாமல் பலருக்குக் கை வீங்கியது. புண்ணை மூடத் தோல் போதாத இடங்களில் மெல்லிய ஒட்டுத்தோலை ஹால்ஸ்டெட் வைத்தார். அதற்குமேல் எதுவும் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். புண்ணை அழகாக மூடுவதில் கண் வைக்கிற சர்ஜன் எடுக்க வேண்டிய தோலை மிச்சம் வைத்துவிடுவான் என்பது அவருடைய சந்தேகம். பருமனான சதையைக் கொண்டுவந்து மேலே மூடினால் அடியில் நோய் திரும்பினாலும் தெரியாது என்ற அச்சமும் அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் இருந்தது.

இந்தப் பயத்தைப் பார்த்து இன்று சிரிப்பது நியாயமில்லை. மேமோகிராம் இல்லை, ஸ்கேன் இல்லை. நோய் திரும்பியதா என்று பார்க்க மருத்துவருக்கு இருந்தவை கண்ணும் விரலும்தான். குறை கூற வேண்டியது அதற்குப் பிந்தைய காலத்தை. ஹால்ஸ்டெட் 1922-இல் இறந்தார். அவரிடம் படித்தவர்களும் அவர்களிடம் படித்தவர்களும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்களானார்கள். கொள்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலானோருக்குத் தோன்றவே இல்லை. மார்பை மீண்டும் உருவாக்குவது என்ற பேச்சே, நோயின் தீவிரம் புரியாதவர்களின் அசட்டுத்தனம் என்று ஆகிவிட்டது.

தன்சினி கண்ட விஷயத்துக்கு வருவோம். 1896-இல் அவர் முதலில் முயன்றது வெறும் தோல் மடலைத்தான். முதுகுத் தோலை நீளமாகப் பெயர்த்து முன்னால் கொண்டுவந்தார். வேர்ப்பக்கம் பிழைத்தது, நுனி கறுத்துச் செத்தது. தோலுக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிணங்களில் அறுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. தசைக்குள் ஓடும் குழாயிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் தசையைத் துளைத்துக்கொண்டு மேலெழும்பித் தோலுக்குப் போகின்றன. அப்படியானால் தோலை மட்டும் உரிப்பது அந்தக் கிளைகளை வெட்டுவதற்குச் சமம். தசையையும் சேர்த்து எடுத்தால் தோல் பிழைக்கும். மார்பு மாதிரி வடிவம் செய்வது தன்சினியின் நோக்கம் இல்லை, புண் மூடினால் போதும் என்றுதான் பார்த்தார். ஆனால் இன்று மறுசீரமைப்பில் நடக்கும் நுட்பமான வேலைகள் பலவும் அந்தத் துளைத்தெழும் கிளைகளைப் பற்றியவைதான். அவற்றின் முழு மதிப்பும் தெரிய இன்னும் எண்பது ஆண்டுகள் போக வேண்டியிருந்தது.

வேர்ப்பக்கத்தை அறுக்காமல் சதையை நகர்த்துவது என்பது நம் ஊர்த் தோட்டத்தில் பதியம் போடுகிற அதே சூட்சுமம். கிளை தாய்ச்செடியோடு இருக்கும்போதே வளைத்து மண்ணில் புதைத்து, அங்கே வேர்விட்ட பிறகு வெட்டிவிடுகிறோம். அறுவை மருத்துவத்தில் இதற்கு இந்திய மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. அறுபட்ட மூக்கைக் கன்னத்துச் சதையைத் திருப்பிச் சரிசெய்யும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்குச் செய்யும் வழியைப் பிற்காலத்தில் புனே வட்டாரத்தில் கையாண்டுவந்தார்கள். 1794-இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் அதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில சர்ஜன் 1814-இல் தானும் செய்து பார்த்தார். ஐரோப்பாவில் பிளாஸ்டிக் சர்ஜரி மறுபிறவி எடுத்தது ஏறக்குறைய அங்கிருந்துதான்.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்கள் வரிசையாக வந்தபோது ஹெரால்டு கில்லிஸ் என்ற சர்ஜன் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். 1917-இல் தீக்காயம்பட்ட ஒரு மாலுமிக்கு நெஞ்சுத் தோலைப் பெயர்த்து முகத்துக்குக் கொண்டுவரும்போது, மடலின் இரண்டு ஓரங்களும் உட்பக்கமாகச் சுருண்டன. சுருண்டதை அப்படியே தைத்துக் குழாயாக்கிவிட்டார். புண் வெளியே தெரியாததால் சீழ் பிடிக்கவில்லை, ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தது. ஒடெசாவில் விளாதிமிர் ஃபிலாத்தோவ் என்ற கண் மருத்துவர் இதையே சற்று முன்னதாகத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். போர்க்காலத்தில் செய்தி எட்டவில்லை. 1942 வாக்கில் கில்லிஸ் இந்தக் குழாய் மடலை மார்பக மறுசீரமைப்புக்குப் பயன்படுத்தினார். வயிற்றுத் தோலைக் குழாயாக்கி, ஒரு முனையை இடம் மாற்றித் தைத்து, அது ஒட்டிக்கொள்ள வாரக்கணக்கில் காத்திருந்து, மறுமுனையை நகர்த்தி, மறுபடி காத்திருந்து, மாதக்கணக்கில் அறுவைமேல் அறுவையாக நெஞ்சுக்கு நடத்திக் கொண்டுவர வேண்டும். முடிவில் கிடைப்பது ஒரு மேடு, உடலெங்கும் வடுக்கள். சிலர்தான் துணிந்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

இதற்கிடையே வேறொரு பாதையிலும் முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன: இல்லாத இடத்தை எதையாவது வைத்து நிரப்பிவிடுவது. 1895-இல் ஹைடல்பர்க்கில் வின்சென்ஸ் செர்னி, கட்டிக்காக மார்பகச் சதை எடுக்கப்பட்ட ஒரு பாடகிக்கு, அவருடைய இடுப்புப் பக்கத்தில் இருந்த கொழுப்புக் கட்டியையே பெயர்த்து மார்பில் வைத்தார். மேடையில் நிற்க வேண்டியவர் என்பதால் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பது அவர் தரப்புக் கவலை. முதல் மார்பக மறுசீரமைப்பு என்று பலரும் சொல்வது இதைத்தான். அது புற்றுநோய் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். புற்றுநோயாக இருந்திருந்தால் செர்னி இதைச் செய்திருப்பாரா என்பது சந்தேகம். வியன்னாவில் கெர்சுனி என்பவர் பாரஃபின் மெழுகை உருக்கி ஊசியால் ஏற்றும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். மெழுகு இடம்விட்டு இடம் நகர்ந்தது, கல்லாக இறுகியது, தோலைத் துளைத்துப் புண்ணாக்கியது. அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆரோக்கியமான மறு மார்பகத்தில் பாதியைப் பிளந்து இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள்.

சிலிக்கோன் வந்தது ஹூஸ்டனில். பிராங்க் ஜெரோ என்ற இளம் சர்ஜன், ரத்தம் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபோது அதன் மென்மை அவருக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். அவரும் தாமஸ் குரோனினும் டவ் கார்னிங் நிறுவனத்தோடு சேர்ந்து சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் கூழ் நிரப்பிய பையைச் செய்தார்கள். முதலில் எஸ்மரால்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். 1962-இல் ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். அவர் மருத்துவமனைக்கு வந்தது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க. புற்றுநோய்க்கும் அந்த அறுவைக்கும் சம்பந்தமே இல்லை. மார்பகத்தைப் பெரிதாக்கும் வியாபாரம் ஓடத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1971-இல்தான், புற்றுநோய்க்காக மார்பை இழந்தவர்களின் தோலுக்கடியில் இதை வைக்கலாம் என்று ஸ்னைடர்மனும் கத்ரியும் எழுதினார்கள். இருக்கிற மார்பைப் பெரிதாக்கத் துணிந்த மருத்துவம், இல்லாதவருக்குக் கொடுக்க அவ்வளவு யோசித்தது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு உடற்கூற்றுக் காரணமும் உண்டு. ஹால்ஸ்டெட் பாணியில் அறுத்த நெஞ்சில் இம்ப்ளான்ட் எனப்படும் இந்தப் பையை வைக்க இடமே கிடையாது. தோல் விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது, மூடிப் பாதுகாக்கத் தசை இல்லை. வைத்த பை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எனவே மறுசீரமைப்பு வளர வேண்டுமென்றால் முதலில் மார்பக நீக்க அறுவையே சுருங்க வேண்டியிருந்தது. லண்டனில் டேவிட் பேட்டி 1948-இல் பெரிய நெஞ்சுத் தசையை விட்டுவைத்து அறுத்த தன் நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். பலன் மோசமாகவில்லை. உண்மையான அடி 1971-இல் விழுந்தது. பிட்ஸ்பர்க்கில் பெர்னார்டு ஃபிஷர் 1,600-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஹால்ஸ்டெட் அறுவையையும் அதைவிடச் சிறிய அறுவைகளையும் ஒப்பிடத் தொடங்கினார். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் இல்லை. மிலானில் உம்பெர்த்தோ வெரொனேசி மார்பகத்தின் காற்பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்து, அதே முடிவை 1981-இல் வெளியிட்டார்.

ஃபிஷர் சொன்னது இதுதான்: புற்று படிப்படியாக ஊர்ந்து போவதில்லை. கட்டி கைக்குத் தட்டுப்படும் வேளையில் ரத்தத்தின் வழியாக அது பலருக்கு ஏற்கெனவே வேறெங்கோ போயிருக்கும். போகாதவருக்குச் சிறிய அறுவை போதும், போனவரை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் அறுவையால் மட்டும் காப்பாற்ற முடியாது. ஹால்ஸ்டெட் கொள்கை இடிந்தபோது அதன் நிழலில் இருந்த மறுசீரமைப்புத் தடையும் இடிந்தது. 1979-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு ஹால்ஸ்டெட் அறுவையைக் கைவிடப் பரிந்துரைத்தது. தன்சினியின் தசை மறுபடி கண்டுபிடிக்கப்பட்டதும் இதே காலத்தில்தான். தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பிய நோய் பெரும்பாலும் தோலிலோ தோலுக்குச் சற்று அடியிலோதான் தலைகாட்டுகிறது, மறுசீரமைப்பு அதை மறைப்பதில்லை, ஆயுளையும் குறைப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அதன்பின் எல்லாம் வேகம். தோல் போதவில்லையா? செடோமிர் ராடோவன் என்ற சர்ஜன், காலிப் பை ஒன்றைத் தோலுக்கடியில் வைத்து வாரந்தோறும் ஊசியால் உப்புநீர் ஏற்றித் தோலை விரித்தார். கருவுற்ற வயிற்றின் தோல் விரிவது போலத்தான். வெறுமனே இழுபடுவதில்லை, அழுத்தத்தில் புதுச் செல்களும் உண்டாகின்றன. 1976-இல் அவர் இதைச் சொன்னபோது சக சர்ஜன்கள் பலர் நம்பவில்லை. இன்று எக்ஸ்பாண்டர் என்று சொன்னால் புற்றுநோய் வார்டில் எல்லோருக்கும் புரியும். 1991-இல் மார்பகத் தோலின் பெரும்பகுதியை விட்டுவைத்து உள்ளிருக்கும் சுரப்பியைக் குடைந்தெடுக்கும் முறை வந்தது. நோய் திரும்புகிறதா என்று சில ஆண்டுகள் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிய காலம் போய், ஒரே மயக்கத்தில் எடுப்பதும் கட்டுவதும் நடக்கத் தொடங்கியது.

அட்லாண்டாவில் கார்ல் ஹார்ட்ராம்ப், தொங்கும் வயிற்றைச் சரிசெய்யும் அறுவைகளில் வெட்டி வீசப்படும் தோலையும் கொழுப்பையும் பார்த்துக்கொண்டே இருந்தவர். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ரெக்டஸ் தசையோடு அந்தச் சதை ஒட்டியிருக்கும்வரை அதிலிருந்து ரத்தம் கசிகிறது என்பதைக் கவனித்தார். எறிவதை ஏன் மார்பாக்கக் கூடாது? தொப்புளுக்குக் கீழுள்ள தோலையும் கொழுப்பையும், ரெக்டஸ் தசையைக் காம்பாகக் கொண்டு, தோலுக்கடியில் சுரங்கம் போல வழி செய்து நெஞ்சுக்கு இழுத்துக் கொண்டுபோனார். 1982-இல் வெளியான இதை டிராம் மடல் என்கிறார்கள். கொழுப்பு என்பதால் தொட்டால் மார்பகம் போலவே மென்மை. உடல் எடை கூடினால் கூடும், குறைந்தால் குறையும், வயதோடு தளரும். இம்ப்ளான்ட் இதில் எதையும் செய்யாது. வயிறு ஒட்டிப்போகும் என்பது கூடுதல் லாபம் என்று விளம்பரத் தொனியில் அப்போது எழுதினார்கள். எடுத்த தசைக்கு விலை உண்டு. படுக்கையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார உதவுவது அந்தத் தசைதான். அது போனபின் வயிற்றுச் சுவர் பலவீனமாகிக் குடலிறக்கம் வந்தவர்கள் உண்டு.

இங்கேதான் தன்சினி பிணத்தில் பார்த்த அந்தத் துளைத்தெழும் கிளைகள் திரும்ப வருகின்றன. தோலுக்கு உயிர் கொடுப்பது தசை இல்லையே, அதற்குள் ஓடும் குழாய்தானே? குழாயை மட்டும் தசைக்குள்ளிருந்து உரித்தெடுக்க முடிந்தால் தசை இருந்த இடத்திலேயே இருக்கலாம். 1989-இல் ஜப்பானின் இசாவோ கோஷிமா இப்படித் தசை இல்லாத வயிற்று மடலை வேறு உறுப்புகளைச் சீரமைக்க எடுத்துக்காட்டினார். 1992-இல் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஆலன் அதை மார்பகத்துக்குக் கொண்டுவந்தார். ஆழத்தில் ஓடும் எபிகாஸ்ட்ரிக் தமனியின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டீப் மடல் என்பார்கள்.

சொல்வது எளிது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள அந்தக் கிளையை, தசை நார்களை வெட்டாமல் விலக்கி விலக்கி, அதன் வேர்க் குழாய்வரை பின்தொடர வேண்டும். வழியில் பிரியும் ஒவ்வொரு சிறு கிளையையும் அடைக்க வேண்டும். ஒரு தவறான இழுப்பில் கிளை கிழிந்தால் மடல் போயிற்று. பிறகு மடலை உடம்பிலிருந்து முற்றாக வெட்டித் தனியே எடுக்கிறார்கள். பதியம் போடும் காலம் இங்கே முடிந்தது, இது நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது. நெஞ்சில் விலா எலும்பின் குருத்தெலும்பைச் சற்று அகற்றினால் மார்பெலும்பின் ஓரமாக ஒரு தமனியும் சிரையும் தெரியும். மைக்ராஸ்கோப்பின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்களை வாய்க்கு வாய் வைத்துத் தைக்கிறார்கள். 1960-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜூலியஸ் ஜேக்கப்சன் மைக்ராஸ்கோப்பை வைத்து ரத்தக்குழாய் தைத்துக் காட்டியிருக்காவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. குழாயை அடைத்துவைத்திருந்த பிடிப்பானை எடுத்ததும் வெளுத்துக் கிடந்த சதை இளஞ்சிவப்பாகிறது. அறுவை ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், சில நாள் இன்னும் அதிகம்.

அதோடு முடிவதில்லை. முதல் இரண்டு நாள்கள் மணிக்கொரு முறை நர்ஸ் வந்து மடலின் நிறம் பார்க்கிறார், தொட்டுச் சூடு பார்க்கிறார், டாப்ளர் கருவியை வைத்துக் குழாயின் துடிப்பைக் கேட்கிறார். சிரையில் ரத்தம் உறைந்தால் மடல் ஊதா நிறமாகும். உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனால் பல நேரம் காப்பாற்றிவிடலாம். கைதேர்ந்த குழுக்களின் கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் பிழைக்கின்றன. எந்தக் கிளை பெரியது, எங்கே துளைத்து எழும்புகிறது என்பதை முன்கூட்டியே சி.டி. ஸ்கேனில் வரைபடமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் 2000-களின் நடுவில் வந்தபின் அறுவை நேரமும் குறைந்தது. ஆனாலும் இதைச் செய்யத் தெரிந்தவர்களும் மைக்ராஸ்கோப்பும் இரவு முழுக்கக் கண்விழிக்கும் நர்ஸ்களும் ஒருசேர இருக்கும் மருத்துவமனைகள் எந்த நாட்டிலும் குறைவு. ஆகவே உலகில் பெரும்பான்மை மறுசீரமைப்பு இன்றும் இம்ப்ளான்டில்தான் நடக்கிறது.

இம்ப்ளான்டின் வரலாறு நீதிமன்றங்களின் வழியாகவும் போனது. 1992-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிலிக்கோன் கூழ் இம்ப்ளான்டை அழகுக்காக வைப்பதை நிறுத்தியது. மார்பை இழந்தவர்களுக்கு மட்டும் கண்காணிப்போடு அனுமதித்தது. வழக்குகள் குவிந்து 1995-இல் டவ் கார்னிங் திவால் மனு கொடுத்தது. மூட்டு நோய், தன்னெதிர்ப்பு நோய்களை இது உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று 1999-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் நிபுணர் குழு சொன்னது. 2006-இல் தடை நீங்கியது. பை கிழிவது, சுற்றிலும் வடுத்திசு இறுகி மார்பு கல்லாவது, மறுபடி அறுவை, இவை உண்மையான தொல்லைகள் என்பதையும் அதே குழு சொன்னது. வழக்கறிஞர்களின் கூச்சலில் அந்தப் பாதி யார் காதிலும் விழவில்லை. கதிர்வீச்சு பெற்ற நெஞ்சில் இறுகல் இன்னும் அதிகம். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-இல் பிடிபட்டது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில இம்ப்ளான்ட்களைச் சுற்றி அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்து, 2019-இல் ஒரு பெரிய நிறுவனம் அவற்றை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் இருக்கும் பொருள் அல்ல என்பதை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடும் மருத்துவரைத்தான் நான் நம்புவேன்.

கொழுப்பின் கதையும் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. செர்னி முழுக் கட்டியாக வைத்தார். அப்படி மொத்தையாக வைக்கும் கொழுப்பின் நடுப்பகுதிக்கு ரத்தம் எட்டாமல் பெரும்பாலும் கரைந்துவிடும். இன்று தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ உறிஞ்சி எடுத்த கொழுப்பைச் சிறு சிறு துளிகளாகப் பல அடுக்குகளில் ஊசியால் பரப்புகிறார்கள். துளி சிறிதாக இருந்தால் சுற்றியுள்ள திசுவிலிருந்து ரத்தம் எட்டும். மேமோகிராமில் குழப்பம் வரும் என்று அஞ்சி 1987-இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் மார்பில் இதைச் செய்யக் கூடாது என்றது. 2009-இல் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

மார்பின் வடிவம் அமைந்த பிறகு முலைக்காம்பைச் சிறு தோல் மடல்களை மடித்துச் செய்கிறார்கள், சுற்றிலும் பச்சை குத்தி நிறம் கொடுக்கிறார்கள். காலப்போக்கில் காம்பு தட்டையாகும், நிறம் மங்கும்.

மருத்துவ இதழ்களில் வரும் படங்களைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். படத்தில் தெரியாதது உணர்ச்சி. மார்பகத் தோலுக்கு வரும் நரம்புகள் அறுவையில் வெட்டுப்படுகின்றன. கட்டிய மார்பு பெரும்பாலும் மரத்துக் கிடக்கிறது. வெந்நீர்ப் பையை ஒத்தடத்துக்கு வைத்தவர்களுக்குத் தெரியாமலே தோல் வெந்துபோன சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. அறுவைக்கு முன் இதைத் தெளிவாகச் சொல்லும் பழக்கம் இன்னும் பரவலாகவில்லை என்பது பெரிய குறை. வயிற்று மடலோடு வரும் நரம்பை விலாவிடை நரம்போடு தைத்துச் சிலர் ஓரளவு உணர்ச்சியைத் திருப்பித் தருகிறார்கள். எவ்வளவு வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பலனைச் சர்ஜனின் கேமரா மட்டும் தீர்மானித்துவந்த வழக்கத்துக்கு மாற்றாக, 2009-இல் பிரெஸ்ட்-கியூ என்ற கேள்வித்தாள் வந்தது. உடை பொருந்துகிறதா, தூக்கத்தில் வலிக்கிறதா, துணைவரோடு இருக்கும்போது கூச்சமாக இருக்கிறதா என்று பெண்ணிடமே கேட்பது அது. பொதுவாகச் சொந்தச் சதையில் கட்டிக்கொண்டவர்கள் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களைவிடக் கூடுதல் திருப்தி சொல்கிறார்கள்.

எதுவுமே வேண்டாம் என்பவர்களும் எப்போதும் இருந்திருக்கிறார்கள். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978-இல் ஒரு மார்பகத்தை இழந்தார். செயற்கை மார்புப் பொதியை வைக்க மறுத்துவிட்டு மருத்துவரிடம் போனபோது, இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்று நர்ஸ் கடிந்துகொண்டதை 1980-இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். மறுசீரமைப்பு அரிதாக இருந்த காலத்தில் அதற்காகப் போராட வேண்டியிருந்தது. அது கைக்கு எட்டியபின் அதை மறுப்பதற்குப் போராட வேண்டியிருக்கிறது. நெஞ்சைத் தட்டையாக மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மயக்கம் தெளிந்து பார்த்தால், சில நேரம், பின்னால் மனம் மாறினால் இருக்கட்டும் என்று சர்ஜன் தோலைத் தொளதொளவென்று விட்டுவைத்திருப்பார். இப்படித் தட்டையாக இருக்க முடிவெடுத்த 900-க்கும் மேற்பட்ட பெண்களிடம் எடுத்து 2021-இல் வெளியான ஓர் இணைய ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கும் மேல் தங்கள் முடிவுக்கு மருத்துவரிடம் ஆதரவு கிடைக்கவில்லை என்றோ மீறி நடந்தார் என்றோ சொன்னார்கள். நான்கில் மூவர் தட்டை நெஞ்சோடு திருப்தியாகத்தான் இருந்தார்கள்.

தட்டையாக மூடுவதும் சும்மா இழுத்துத் தைக்கும் வேலை இல்லை. அக்குள் ஓரத்தில் மடிப்பு விழாமல் கொழுப்பைச் செதுக்க வேண்டும், கூடுதல் தோலை அளந்து எடுக்க வேண்டும், வடு நெஞ்சில் படிந்து கிடக்க வேண்டும். பருமனான உடம்பில் இது இன்னும் கடினம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2020-இல் இதற்கு ஒரு வரையறை எழுதித் தன் மருத்துவ அகராதியில் சேர்த்தது. மார்பக நீக்கத்துக்கு ஈடுசெய்யும் காப்பீடு, மறுசீரமைப்புக்கும் மறுபக்க மார்பை ஒத்ததாக்கவும் ஈடுசெய்ய வேண்டும் என்று 1998-இல் அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. தட்டையாக மூடுவதை அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தொங்கும் தோலைச் சரிசெய்ய இரண்டாம் அறுவை கேட்ட பெண்கள் அதனால் நெடுங்காலம் காப்பீட்டு நிறுவனங்களோடு வாதாடிவந்தார்கள்.